வி-கிராஸுக்கு ஷாக் மாற்றப் போகிறேன், கூடவே ஒன்றரை இன்ச் தூக்கலாமா?

தாண்டிக்குடி மிளகு

வணக்கம். வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப், 2018 மாடல், 2.5 லிட்டர், ஃபோர் வீல் டிரைவ். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஷாக் அப்சார்பர் நாலும் கம்பெனியிலிருந்து வந்தவையே, இதுவரை கை வைத்ததில்லை.

வீடு வத்தலக்குண்டில். தோட்டம் தாண்டிக்குடிக்கு மேலே. காபி, மிளகு, ஊடே கொஞ்சம் மலைவாழை. வாரத்தில் நாலு நாள் ஏறி இறங்குகிறேன். தார் ரோடு முடிந்த பிறகு தோட்டத்து வீடு வரை மூன்று கி.மீ. கல்லும் மண்ணுமான பாதை. மழை பெய்துவிட்டால் சக்கரத் தடம் இரண்டும் வாய்க்கால் மாதிரி இறங்கிவிடும், நடுமேடு மட்டும் அப்படியே நிற்கும்.

இப்போது இரண்டு தொல்லை. ஒன்று, பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. ஒரு குழியில் இறங்கி ஏறினால் மூன்று தடவை ஆடித்தான் அடங்குகிறது. போன மாதம் அம்மாவைக் கூட்டிப் போனேன், வயது 79. பாதி வழியில் “ஏண்டா, இதுக்கு உங்க தாத்தாவோட மாட்டுவண்டியே தேவலையே” என்றார். இரண்டாவது, பாதையில் ஒரு பாறை. நடுமேட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். எங்கள் ஆட்கள் அதற்கு ஆமை என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுமையோடு அதைத் தாண்டினால் அடிவயிற்றில் ‘டங்’ என்று ஒரு அடி விழும். எங்கே படுகிறது என்று குனிந்து பார்த்ததில்லை. பார்த்தால் மனசு கேட்காது.

தண்ணீர் டிரம், மருந்தடிக்கிற மோட்டார், உர மூட்டை என்று பின்னால் எப்போதும் 250, 300 கிலோ இருக்கும். அறுப்புக் காலத்தில் இன்னும் கூடும்.

பக்கத்து ஊரில் ஒரு கடையில் கேட்டேன். ஸ்பேசர் என்கிற வளையம் வைத்து ரெண்டு இன்ச் தூக்கிவிடலாம், அரை நாள் வேலை, பதினைந்தாயிரம் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஷாக், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த வெளிநாட்டு செட், ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. பத்து மடங்கு வித்தியாசத்தில் எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை ஹைலக்ஸ்

அண்ணா, யோசிக்கவே வேண்டாம். மூணு இன்ச் தூக்கி, 265/70 R17 டயர் போடுங்கள். வண்டி நிற்கிற நிலையே வேற மாதிரி இருக்கும். ஆமை என்ன, யானையே படுத்திருந்தாலும் தாண்டிவிடும்.

சங்ககிரி பட்டறை

அண்ணா, அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு லாரி ஸ்பிரிங் வேலை. பிக்கப் இப்போது ஏழெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் சேர்த்துச் சொன்ன இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொல்கிறேன்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடை தாங்காது, ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. மூன்று தடவை ஆடி அடங்குகிறது என்றால் ஷாக் போய்விட்டது. எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கசியாமலும் உள்ளே வால்வு தேய்ந்து போயிருக்கலாம், ஒரு லட்சம் கி.மீ. மலையில் ஓடியதற்கு அது ஆச்சரியமில்லை. ஆக அம்மாவின் பிரச்சினைக்கு ஷாக் மாற்றினால் போதும், வண்டியைத் தூக்க வேண்டியதில்லை.

ஆமை விஷயம் வேறு. அங்கே உயரம்தான் கேள்வி. ஆனால் எது இடிக்கிறது என்று தெரியாமல் தூக்கிப் பிரயோசனமில்லை. வி-கிராஸின் பின் ஆக்சில் ஒரே தண்டு. ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆக்சிலும் அதன் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டியும் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் பாதிதான் கிடைக்கும். உங்கள் 255/65 R17 டயரின் விட்டம் 763 மி.மீ., கோவைத் தம்பி சொல்கிற 265/70 R17 போட்டால் 803. விட்டத்தில் 40 கூடினால் ஆக்சில் ஏறுவது 20 மி.மீ. கூடவே ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போகும், மலை ஏறும்போது கியர் கனத்துத் தெரியும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பாறை மேல் ஈரச் சுண்ணாம்பைக் கெட்டியாகப் பூசுங்கள். வழக்கமான சுமையோடு, வழக்கமான வேகத்தில் தாண்டுங்கள். அப்புறம் சமதளத்தில் நிறுத்தி அடியில் படுத்துப் பாருங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று எழுதுங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.

பதினைந்தாயிரம் ரூபாய் ஸ்பேசர் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பக்க ஸ்ட்ரட்டின், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணின், தலையில் ஒரு வளையத்தை வைத்து இறக்குவதுதான் அது. தேய்ந்த ஷாக் தேய்ந்தபடியே இருக்கும். வளையம் 25 மி.மீ. இருந்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும், சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கிற கீழ்க் கையின் நெம்புகணக்கு அப்படி. சக்கரம் கீழே தொங்கும்போது முன் சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட் அளவுக்கு மீறி மடங்கும். அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து உள்ளே மண் போனால் அவ்வளவுதான். இப்படி வந்த மூன்று வண்டிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

பெர்த்வாசி

நான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். 2015 டி-மேக்ஸ், உங்கள் வண்டியின் அதே தலைமுறை. இங்கே இந்த வண்டிக்குக் கிடைக்காத உதிரி இல்லை. ஓல்ட் மேன் ஈமு, டஃப் டாக், அயர்ன்மேன், பில்ஸ்டீன் என்று கடைக்கு நாலு. எது சிறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். என் அனுபவத்தில் பிராண்டைவிட ஸ்பிரிங்கின் எடைக் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இங்கே ஸ்பிரிங் வாங்கப் போனால் முதல் கேள்வியே ‘நிரந்தரச் சுமை எவ்வளவு’ என்பதுதான். முன்னால் இரும்பு பம்பர் இருக்கிறதா, வண்டியை இழுக்கிற வின்ச் இருக்கிறதா, பின்னால் கூண்டு இருக்கிறதா என்று கேட்டு அதற்குத் தகுந்த கம்பியை எடுத்துத் தருவார்கள். நான் முதலில் ஆசைப்பட்டு வின்ச் போடுவேன் என்று கனமான முன் ஸ்பிரிங் வாங்கினேன். வின்ச் இன்றுவரை வரவில்லை. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால்கூட ஷாக் முழுநீளம் நீண்டு ‘டக்’ என்று முட்டும். எட்டு மாதம் பல்லைக் கடித்து ஓட்டிவிட்டு இலகுவான ஸ்பிரிங்குக்கு மாறினேன். உங்கள் முன்பக்கத்தில் கூடுதலாக எதுவும் இல்லை என்றால், இலகுவானதையே கேளுங்கள்.

ஷாக்கில் இரண்டு வகை. இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய். ஒற்றைக் குழாயில் எண்ணெயும் நைட்ரஜனும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருக்கும், வெளிச்சுவர் நேராகக் காற்றில் படும், அதனால் சூடு சீக்கிரம் இறங்கும். கிப் ரிவர் ரோடு என்று வடக்கே ஒரு மண் சாலை, 660 கி.மீ. அலை அலையாகத் தகரம் விரித்த மாதிரி இருக்கும். அங்கே மணிக்கணக்காக ஓட்டும்போது இந்தச் சூடு விஷயம் நிஜமாகவே தெரியும், எண்ணெய் நுரைத்து ஷாக் வேலை செய்வதையே நிறுத்திவிடும். உங்கள் மூன்று கி.மீ.க்கு அது தேவைப்படாது. ஒற்றைக் குழாயில் ஒரு கல் பட்டு உடல் நசுங்கினால் பிஸ்டன் அதே சுவரில்தான் ஓட வேண்டும், சிக்கிக்கொள்ளும். கல் பாதைக்கு, மெதுவான வேகத்துக்கு, நல்ல தடிமனான இரட்டைக் குழாய் போதும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

காசு செலவில்லாத ஒன்று கேட்கிறேன். டயரில் காற்று எவ்வளவு?

தாண்டிக்குடி மிளகு

சங்ககிரித் தம்பிக்கு முதலில் நன்றி. சுண்ணாம்பு வைத்தியம் நடந்தது. ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஆமைக்கு அபிஷேகமா என்று கேலி வேறு.

நாலு மூட்டை உரம், பாதி டிரம் தண்ணீரோடு தாண்டினேன். வெள்ளை மூன்று இடத்தில் இருந்தது. இடப்பக்கப் படிக்கட்டுக் குழாயின் பிடிப்புக் கம்பியில் நல்ல பூச்சு, அது ஏற்கெனவே வளைந்தும் இருக்கிறது. ஸ்டெப்னி டயரின் முன்விளிம்பில் ஒரு தீற்றல். டிஃபரன்ஷியலின் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு. அந்த ‘டங்’ இதுதான் போல. இத்தனை நாள் குனிந்து பார்க்காததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

பின் ஷாக் இரண்டும் எண்ணெய் கசிந்து கறுத்திருக்கின்றன. சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். முன் இடம் 476 மி.மீ., முன் வலம் 468. பின்னால் காலியாக 512, 510. சுமை ஏற்றினால் பின்னால் 450-க்கு வந்துவிடுகிறது.

பெர்த் தம்பி, காற்று 40 இருந்தது. பஞ்சர் கடைக்காரர் ‘லோடு வண்டி’ என்று எப்போதும் அப்படியே அடித்து அனுப்புகிறார். நானும் கேட்டதில்லை. கதவு நிலையில் ஒட்டியிருக்கிற அட்டையைப் பார்த்து, சுமை குறைவான நாளுக்கு உரிய அளவுக்கு இறக்கினேன். பாதி ஆட்டம் அப்போதே குறைந்துவிட்டது என்றால் நம்புவீர்களா?

சங்ககிரி பட்டறை

அருமை அண்ணா. அளவெடுத்து எழுதுகிறவரைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. எங்களிடம் வருகிறவர்கள் ‘கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

இனி கணக்கு. படிக்கட்டுக் கம்பியும் ஸ்டெப்னியும் சேசிஸோடு சேர்ந்தவை, தூக்கினால் தப்பித்துவிடும். டிஃபரன்ஷியல் தப்பாது. அதற்கு டயர் மாற்றுவதைவிடக் கடப்பாரை மலிவு. பாறை உங்கள் தோட்டப் பாதையில்தானே இருக்கிறது? முதுகில் நாலு விரல் கொத்தி எடுங்கள், இல்லையென்றால் இரண்டு தடத்திலும் கல் பரப்பி மேடாக்குங்கள்.

பின்னால் 300 கிலோவுக்கு 60 மி.மீ. இறங்குவது அதிகம். பின் ஸ்பிரிங்கின் பட்டைகள், நாங்கள் பிளேட் என்போம், களைத்துவிட்டன. எங்கள் பக்கத்தில் பழைய பிளேட்டைச் சுத்தியால் அடித்து வளைவை மறுபடி எடுத்துத் தருவார்கள். லாரிக்குச் செய்வோம், உங்களுக்கு வேண்டாம். ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பிளேட் கூடுதலாகச் சொருகினால் உயரம் கிடைக்கும், ஆனால் காலியாகப் போகும்போது அம்மா மறுபடி மாட்டுவண்டியை நினைப்பார். பிளேட்டின் நுனியைச் சேசிஸோடு இணைக்கிற ஷேக்கிளை நீளமாக்குவது இன்னொரு குறுக்கு வழி. நீட்டியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், வண்டி பக்கவாட்டில் அலையும், களைத்த பிளேட் களைத்தே இருக்கும். நிரந்தரச் சுமை 300 கிலோவுக்கென்று செய்த புது பின் செட்டை வாங்குங்கள். முன்னால் இலகு ஸ்பிரிங்கும் அதற்கு ஜோடியான ஸ்ட்ரட்டும். மொத்தம் 35, 40 மி.மீ. உயரும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 40 வரை சி.வி. ஜாயின்ட்டின் கோணம் பெரும்பாலும் தாங்கும். அதைத் தாண்டினால் மேல் கை மாற்று, முன் டிஃபரன்ஷியலை இறக்கு, புரொப்பெல்லர் தண்டின் நடு பேரிங்குக்கு அடியில் அட்டை வை என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். வி-கிராஸின் பின் புரொப்பெல்லர் தண்டு இரண்டு துண்டு. பின்பக்கம் அதிகம் உயர்ந்தால் வண்டி கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு தெரியும்.

எடைத் திறன் ஸ்பிரிங்கில் கூடுவதால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற மொத்த எடை கூடிவிடாது. பிரேக்கும் ஆக்சிலும் பழையவைதான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே அளவில் நல்ல ஷாக் போடுவது பழுது பார்ப்பது. தூக்குவது மாற்றம். சோதனையில் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தால் அளப்பார். அதனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு இறங்குங்கள். உயரமே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் ஷாக்கும் காற்றும் கடப்பாரையும் சேர்ந்து உங்கள் தொல்லையில் முக்கால்வாசியைத் தீர்த்துவிடும்.

கோவை ஹைலக்ஸ்

என் முதல் பதிலைப் படித்து எனக்கே சிரிப்பு வருகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் மூணு இன்ச் போட்டு பதினோரு மாதத்தில் வலது சி.வி. பூட் கிழிந்தது. அலைன்மென்ட் கடையில் காஸ்டர், அதாவது ஸ்டீயரிங்கை நேராக்குகிற சாய்வுக் கோணம், போதவில்லை, திருத்துவதற்கு இடமே இல்லை என்று கைவிரித்தார்கள். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்கிற சாய்வில் மனைவி கண்ணை மூடிக்கொள்கிறாள். நிற்கிற நிலை மட்டும் அழகாகத்தான் இருக்கிறது.

பெர்த்வாசி

தம்பி மனம் திறந்ததற்குப் பாராட்டு.

தாண்டிக்குடி அண்ணா, மாட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். பிளேட் நுனித் துளையில் இருக்கிற ரப்பர் புஷ்ஷிலும் முன் கீழ்க் கையிலும் இருக்கிற போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு, முழு எடையும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, சில மாதத்தில் கிழிந்துவிடும். பிளேட்டை ஆக்சிலோடு கட்டுகிற யூ-போல்ட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதையே திருப்பி மாட்டுவார்கள். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். அலைன்மென்ட், ஹெட்லைட் இறக்கம் இரண்டையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது விறைக்கிறதா என்றும் ஒரு பார்வை.

தாண்டிக்குடி மிளகு

மூன்று மாதம் கழித்து வருகிறேன். காபி எடுப்பில் மாட்டிக்கொண்டேன், மன்னிக்கவும்.

முதல் வேலையாக ஆமையை ஒரு கை பார்த்தோம். ஒரு ஆள், ஒரு நாள், ஒரு கடப்பாரை, ஒரு சம்மட்டி. கூலி 900. முதுகு போய்விட்டது, பேர் மட்டும் நிற்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு விவரம் எழுதி, பதிலைக் கையில் வாங்கிய பிறகுதான் செட் ஆர்டர் கொடுத்தேன். இரட்டைக் குழாய் ஷாக், முன்னால் இலகு ஸ்பிரிங், பின்னால் 300 கிலோ செட். மாட்டுக்கூலியோடு 1,38,000 ஆனது.

மாட்டும்போது முழு நாளும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெர்த் தம்பி சொன்ன மாதிரியே பையன் ஜாக்கியில் தொங்க விட்டே புஷ் போல்ட்டை இறுக்கப் போனான். ‘கீழே இறக்கிட்டு இறுக்குப்பா’ என்றேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புது அளவுகள்: முன் இடம் 512, வலம் 505. பின்னால் காலியாக 556, வழக்கமான சுமையில் 527. சுமையோடும் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்தே நிற்கிறது. முதல் இரண்டு வாரம் காலியாகப் போகும்போது பின்னால் விறைப்பாக இருந்தது. இப்போது பழகிவிட்டதா, ஸ்பிரிங் படிந்துவிட்டதா தெரியவில்லை, உறுத்தவில்லை. குழியில் இறங்கினால் ஒரே அசைவு, அதோடு அடங்குகிறது. சித்தரேவிலிருந்து மேலே ஏறும் வளைவுகளில் முன்பு மாதிரியேதான் திருப்புகிறேன், சாய்வு கூடினதாகத் தெரியவில்லை. 600 கி.மீ.யில் யூ-போல்ட்டை முறுக்கிப் பார்த்தபோது நாலில் இரண்டு அரைச் சுற்று வாங்கியது.

வளைந்த படிக்கட்டுக் குழாயைக் கழற்றிவிட்டேன், எப்படியும் அதுதான் இடிபட்டுக்கொண்டிருந்தது. அங்கேதான் ஒரு சிக்கல். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போகக் கதவைத் திறந்தேன். காலை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், வண்டியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். “இதுல ஏறணும்னா நான் தென்னைமரம் ஏறப் பழகியிருக்கணும்” என்றார். இப்போது பின்னால் உர மூட்டையோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போய் வருகிறது.

வி-கிராஸுக்கு மடக்குகிற மாதிரி, சேசிஸுக்கு மேலேயே நிற்கிற படிக்கட்டு யாராவது போட்டிருந்தால் படம் அனுப்புங்கள்.